படத்தின் பின்புறத்தில் எழுதுங்கள்

கூடத்துச் சுவரிலிருக்கும் தாத்தா பாட்டி படத்தைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். கறுத்த பகுதிகளில், முக்கியமாக ஓரங்களில், நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரிகிறதா? பெரும்பாலான பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் உருவம், ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசைப்பொருள்) படலத்துக்குள் தங்கிய நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. ஈரமும் மாசுபட்ட காற்றும் அந்த வெள்ளியை அரித்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்து படியவிடுகின்றன. படம் மஞ்சளாவதும் வெளிறுவதும் பெரும்பாலும் இதன் தொடர்ச்சியே. ஈரம் நீடித்தால் ஜெலட்டினே பூஞ்சைக்கு உணவாகிவிடும். கண்ணாடிமேல் வைக்கும் சந்தனமும் ஈரமாலையும் சட்டத்துக்குள் இறங்குவதையும் கவனியுங்கள்.

பதற வேண்டாம், பல ஆண்டுகளாக நடந்துவரும் சேதம் இது. அவசரத்தில் செய்யும் வைத்தியம்தான் ஒரே நாளில் படத்தைக் கெடுக்கும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிளேடால் பெயர்த்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்; கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்துணி, எண்ணெய், விபூதி எதுவும் படத்தின்மேல் படக்கூடாது. செலோடேப்பையும் லேமினேஷனையும் பிறகு படத்தைக் கெடுக்காமல் நீக்குவது கடினம். பூஞ்சை வாடை அடித்தால் வெயிலில் போடாமல், நிழலில் காற்றாட வையுங்கள். 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, பிரதியைச் சட்டத்தில் மாட்டுங்கள். மூலப்படம் அமிலமற்ற காகித உறையில், ஓதமேறாத உள்சுவரை ஒட்டிய பீரோவில் இருக்கட்டும். பரண் வேண்டாம், அங்கே வெக்கை அதிகம்.

இத்தனையும் செய்து, பெயர்களை விட்டுவிடுபவர்களே அதிகம். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது அதுதான். படம் தப்பினாலும் கதை தப்பாமல் போகலாம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கஸ்டர் கவுன்டி என்னும் வேளாண் வட்டாரம் உண்டு. சாலமன் பட்சர் என்ற புகைப்படக்காரர் 1886 முதல் அங்கே வண்டியில் ஊர் ஊராகப் போய், புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீடுகளின் முன் குடும்பங்களை நிறுத்திப் படமெடுத்தார். அவர்கள் கதைகளையும் எழுதி வாங்கினார். 1899இல் அவர் வீடு தீப்பிடித்தது. தானியக் கொட்டகையில் வைத்திருந்த கண்ணாடி நெகட்டிவ்கள் தப்பின. எழுதிய கதைகள் எரிந்தன. சொன்னவர்களில் பலர் உயிரோடு இருந்ததால், மறுபடி கேட்டு எழுதி 1901இல் வட்டார வரலாற்று நூலாக வெளியிட முடிந்தது.

உங்கள் வீட்டில் கேட்டால் சொல்ல இன்னும் யார் இருக்கிறார்கள்? பிரதியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவரிடம் போங்கள். இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயர், உறவுமுறை, ஊர், வாழ்க்கைப்பட்ட வீடு, என்ன விசேஷம் என்று கேளுங்கள். ஸ்டுடியோ முத்திரையுள்ள அட்டையை வெட்டி எறியாதீர்கள். ஊரையும் காலத்தையும் அது சொல்லும். கேட்டதை 2பி பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புற ஓரத்தில் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அப்போது உறையின்மேல் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள். அத்தைக்கும் சித்திக்கும் ஒரு முகத்தைப் பற்றிக் கருத்து வேறுபட்டால், இரண்டு பெயரையும் எழுதி, எதை யார் சொன்னார் என்றும் தேதியோடு குறியுங்கள்.