நம்ம கடற்கரை கிரேக்க நூலில் இருக்கா?



"நம்ம மாமல்லபுரத்தைப் பத்தி கிரேக்கர்களே எழுதி வச்சிருக்காங்க" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். எழுதினது யார்? எந்தப் பெயரில் எழுதினார்? இப்படித் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது! பெருமை பேசுவதற்கு முன்னால் நூலைப் புரட்டிப் பார்க்க வேண்டாமா? வாங்க, பார்ப்போம்.

மூன்று நூல்கள்

1. பெரிப்ளூஸ்: கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. ஆசிரியர் பெயர் தெரியாது. எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் என்று கருதுகிறார்கள். எந்தத் துறைமுகத்தில் எதை விற்கலாம், எதை வாங்கலாம் என்று சொல்லும் வழிகாட்டி நூல் இது.

2. இயற்கை வரலாறு: பிளினி இலத்தீன் மொழியில் எழுதியது. இவர் கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர்.

3. புவியியல்: தாலமி கி.பி. 150-ஐ ஒட்டிக் கிரேக்கத்தில் எழுதியது. ஊர்ப் பெயர்களின் பெரிய பட்டியல்.

சோபட்மா எங்கே?

பெரிப்ளூஸ் நம் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறது. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம், பொதுகே என்பது புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு என்பது பலரின் முடிவு. அப்படியானால் வரிசை தெற்கிலிருந்து வடக்கே போகிறது. சோபட்மா அரிக்கமேட்டுக்கு வடக்கே, அதாவது நம் பக்கம் இருக்க வேண்டும்!

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. 'சோ' என்றால் மதில். 'எயில்' என்றாலும் மதில்தான். சிறுபாணாற்றுப்படை 'எயிற்பட்டினம்' என்று ஒரு கடற்கரை ஊரைச் சொல்கிறது. சோப்பட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே, அது இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வருமே, அதே மரக்காணம்தான்.

அப்போ மாமல்லபுரம்?

தாலமி சொல்லும் 'மலங்கா' தான் மாமல்லபுரம் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் மாமல்லன் என்னும் நரசிம்மவர்மன் 7-ஆம் நூற்றாண்டு அரசன், தாலமிக்கு ஏறக்குறைய 500 வருஷம் பிந்தியவன். அவன் பேரில் வந்த ஊர்ப்பெயர் தாலமிக்கு எப்படித் தெரியும்? 'மல்லை' என்ற பெயர் அவ்வளவு பழையது என்று காட்டினால்தான் இந்த வாதம் நிற்கும். ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது நண்பர்களே!

அதற்காக வருத்தப்பட வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருகிறது. அங்கே நாவாய்கள் நிற்கின்றன, உயர்ந்த கலங்கரை விளக்கம் எரிகிறது. அதை ஒட்டியே யவனரின் அன்ன விளக்கும் உவமையாக வருகிறது. இந்தத் துறைமுகம் மாமல்லபுரத்தை ஒட்டிய கரையில் இருந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

மண்ணும் சாட்சி சொல்லுது! பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள வசவசமுத்திரத்தில், 1970-ஐ ஒட்டித் தமிழக அரசின் தொல்லியல் துறை அகழ்ந்தது. ரோமானியர் திராட்சை மது கொண்டுவரும் ஆம்போரா வகைச் சாடிகளின் ஓடுகளும் உறைகிணறுகளும் கிடைத்தன.

யார் பேசுகிறார் என்று பாருங்கள்

ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறது என்று பிளினி குறைப்பட்டுக்கொள்கிறார். ஒரு ராத்தல் மிளகு 4 தெனாரியஸ் என்று விலையும் குறிக்கிறார். வணிகர் லாபம் பார்க்கிறார், பிளினி செலவைக் கண்டு கவலைப்படுகிறார், நம் புலவர் புரவலனின் நாட்டைப் புகழ்கிறார். ஒருத்தர் சொன்னதை மட்டும் நம்பினால் பாதிக் கதைதான் கிடைக்கும். மூன்றையும் சேர்த்து, மண்ணையும் கேட்டால்தான் வரலாறு.

இப்படிச் சேர்த்துப் படித்தவர்களில் ஒருவர் வி. கனகசபைப் பிள்ளை. அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சங்க நூல்களையும் கிரேக்க, ரோமானியக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, 1904-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூல் தமிழிலும் வந்திருக்கிறது.

நீங்களும் செய்யுங்கள்

* தமிழக வரைபடம் ஒன்றில் காவிரிப்பூம்பட்டினம், அரிக்கமேடு, மரக்காணம், வசவசமுத்திரம், மாமல்லபுரம் ஐந்தையும் குறியுங்கள். வரிசை தானாகப் புரியும்.
* எந்தச் செய்தி படித்தாலும் யார் எழுதினார், எப்போது, எதற்காக என்று மூன்று கேள்வி கேளுங்கள்.
* ஆற்றோரத்திலோ மேட்டிலோ பழைய ஓடு கண்ணில் பட்டால் பொறுக்கி வந்து சில்லு விளையாடாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். இடம் மாறிய ஓடு பாதிச் சாட்சியை இழந்துவிடும்.

பிளினி நூலுக்குப் பல பிரதிகள் உண்டு. வசவசமுத்திரத்து மண்ணுக்கு ஒரே பிரதிதான். அது நம்ம கையில் இருக்கு!

- பத்தாம் வகுப்பு, வரலாற்று மன்றம்