அண்ணனின் கேம் கம்ப்யூட்டர்: பாகங்களைத் தேர்ந்தெடுத்தது எப்படி?

"கேம் விளையாடுற கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்த பிராசஸரையும் ராமையும் நான் முதன்முதலில் கையில் தொட்டது இதில்தான்.

எங்க அண்ணன் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை பார்க்கிறார். ராத்திரியில் கேம் விளையாடிக்கொண்டே அதை நேரலையாக ஒளிபரப்புவார். 2024 தீபாவளிக்கு முந்தின வாரம், போன கரண்ட் திரும்பி வந்தபோது டப்பென்று ஒரு சத்தம். எஸ்.எம்.பி.எஸ். புகைந்துவிட்டது. அதோடு மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் போச்சு. அந்த டிஸ்க்கில் ஒரு வீட்டுக் கல்யாணம் முழுசாக இருந்தது. வேறு காப்பி இல்லை. அவர்களிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த அண்ணன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மா சீட்டு எடுத்து ரெண்டு லட்சம் கொடுத்தார்கள். "நீதானே கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறே, நீயே பார்த்து எழுதிக் குடு. இன்னொரு தடவை புகை வந்தா என்னால முடியாதுடா" என்றார்கள். அந்தப் பயத்தில்தான் இவ்வளவும் படித்தேன்.

மானிட்டரிலிருந்து தொடங்கணும்

எல்லாரும் முதலில் கிராபிக்ஸ் கார்டு பெயரைத்தான் கேட்பார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது மானிட்டர். 1920 x 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560 x 1440 என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், அதாவது முதல் திரையைப்போல் சரியாக நாலு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இத்தனை புள்ளிகளையும் வரைவது கிராபிக்ஸ் கார்டு. திரை பெரிதாகப் பெரிதாகக் கார்டுக்குத்தான் வேலை கூடும். பிராசஸருக்கு அவ்வளவாகக் கூடாது. அண்ணனிடம் இருந்தது 1440 மானிட்டர். அதனால் 4கே-க்கான ஆர்.டி.எக்ஸ். 5090 பக்கமே போகவில்லை. (அது மட்டுமே 575 வாட் இழுக்கும். எங்க வீட்டு மிக்ஸியைவிட அதிகம்!) 2025 பிப்ரவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5070 டி.ஐ. எடுத்தோம். 16 ஜி.பி. நினைவகம், 300 வாட்.

ஒளிபரப்புக்குத் தனியாக இன்னொரு கம்ப்யூட்டர் வேணும் என்று அண்ணனின் நண்பர்கள் சொன்னார்கள். அது பழைய கதை. அப்போது வீடியோவைச் சுருக்கும் வேலை முழுக்கப் பிராசஸர் தலையில் விழுந்தது, கேம் திக்கித் திணறும். என்விடியா கார்டுகளில் 2012 முதல் என்வென்க் என்று அதற்கென்றே ஒரு தனிச் சுற்று இருக்கிறது. ஓ.பி.எஸ். மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்தால் கேமுக்குப் பெரிதாகப் பாதிப்பு இல்லை. ஒரு பெட்டியே போதும். இதைப் படித்த அன்றே பாதிப் பணம் மிச்சம் ஆன மாதிரி இருந்தது.

பிராசஸரும் அஞ்சறைப்பெட்டியும்

பிராசஸருக்கு ரைசன் 7 9800எக்ஸ்3டி. எட்டு கோர்தான். "பதினாறு கோர் வாங்கலாமே?" என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். கேமுக்குக் கோர் எண்ணிக்கையைவிட இதிலுள்ள 96 எம்.பி. எல்3 கேஷ்தான் முக்கியம். அம்மா சமைக்கும்போது கடுகு, சீரகத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்கு ஓடினால் தாளிப்பு கருகிவிடும். அடுப்புப் பக்கத்திலேயே அஞ்சறைப்பெட்டி இருக்கணும். கேஷ் என்பது அந்தப் பெட்டி, ராம் என்பது ஸ்டோர் ரூம். எடிட்டிங்கே முழு வேலை என்பவர்களுக்கு மட்டும் அதிக கோர் லாபம். இந்தப் பிராசஸரோடு கூலர் வராது, தனியாக வாங்கணும்.

ராம் 32 ஜி.பி., பதினாறு பதினாறாக ரெண்டு குச்சி. ஒரே குச்சியாகப் போட்டால் பாதி வழி மூடிய பாலம் மாதிரி. பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் செருக வேண்டும். நாலு குச்சி போட்டால் இந்த வகை போர்டில் வேகம் குறையும். பயாஸில் எக்ஸ்போ என்பதை ஆன் செய்தால்தான் பெட்டியில் போட்ட 6000 வேகம் வரும். பலர் இதை மறந்து குறைந்த வேகத்திலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்களாம்.

எஸ்.எம்.பி.எஸ்.

இங்கேதான் நாங்கள் கை சுட்டுக்கொண்டவர்கள். பழையது கேபினெட்டோடு சேர்ந்து வந்த, பெயர் தெரியாத பெட்டி. மேலே 500 வாட் என்று ஸ்டிக்கர், தூக்கினால் வெயிட்டே இல்லை.

கணக்கைப் பாருங்கள். கார்டு 300 வாட். பிராசஸர் முழு வேகத்தில் சுமார் 160. போர்டு, ராம், விசிறி எல்லாம் சேர்த்து 70 என்று வையுங்கள். மொத்தம் 530. "அப்போ 550 போதுமே" என்றால், போதாது. கிராபிக்ஸ் கார்டு சீராக இழுக்காது, கண் இமைப்பதற்குள் பல மடங்கு வேகத்தில் மேலே குதித்து இறங்கும். 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிப்படி எஸ்.எம்.பி.எஸ். தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்ட் தாங்க வேண்டும். இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்வது 750 வாட். நாங்கள் 850 எடுத்தோம். ரிச்சி தெருக் கடையில் "650 போதும் தம்பி, அந்தக் காசுக்கு கலர் லைட் விசிறி போடலாம்" என்றார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் அசையவில்லை.

இன்னொன்று. பெட்டியில் இருக்கும் '80 பிளஸ் கோல்டு' முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டா, வாரண்டி எத்தனை வருஷம் என்று தனியாகப் பார்க்க வேண்டும். கார்டுக்குப் போகும் 16 முனை கனெக்டரை 'டக்' என்று முழுசாக அமுக்கணும். ஆர்.டி.எக்ஸ். 4090 வந்த 2022-இல் சரியாகச் செருகாத கனெக்டர்கள் உருகியது பெரிய செய்தி.

எஸ்.எஸ்.டி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜென் 4 போதும், ஜென் 5-ஆல் கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் 50 எம்.பி.பி.எஸ். தரத்தில் ரெக்கார்டிங் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜி.பி. ஆகும். அதனால் 2 டி.பி. வாங்கி, மீதிக் காசில் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றும் வாங்கினோம். கல்யாண வீடியோ இப்போது ரெண்டு இடத்தில் இருக்கும்.

நான் செய்த தப்பு

2025 மே லீவில் எல்லாம் மாட்டி முடித்தோம். ஆன் ஆச்சு. கேம் போட்டால் நொண்டி அடிக்குது! அண்ணன் ஒன்றும் பேசாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அம்மா கேபினெட் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்தது. எங்கள் கம்ப்யூட்டர் சாருக்கு போன் செய்தேன். சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கே?"

மதர்போர்டில் செருகியிருந்தேன். பிராசஸருக்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் இருப்பதால் படம் வந்திருக்கிறது. சீட்டுக் காசு கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது! கீழே இருந்த கார்டின் துளைக்கு மாற்றினேன். விண்டோஸ் செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்று கிடந்ததை 165 ஆக்கினேன். மாடிக்கு ஓடிப்போய் அண்ணனைக் கூட்டிவந்தேன்.

அப்பா மட்டும் கரண்ட் கணக்குக் கேட்டார். சராசரி 500 வாட், தினம் நாலு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 2 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். அதை அண்ணன் கொடுப்பதாக ஒப்பந்தம். முதல் நேரலையைப் பார்த்தவர்கள் 11 பேர், அதில் நாலு பேர் எங்க வீட்டு ஆட்கள்.

யு.பி.எஸ். பற்றி எழுத இந்தத் தாளில் இடமில்லை. அடுத்த இதழில் எழுதுகிறேன்.

— பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்