மூடைக்குள் கரையும் முதல்

வியாபாரத்தில் நட்டம் என்றதும் விலை வீழ்ச்சியும் திரும்பாத கடனும்தான் நம் நினைவுக்கு வரும். கட்டி வைத்த மூடைக்குள்ளேயே முதல் கரையும் என்பதை நான் சோளத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு பெரும்போக அறுவடையின்போது மஹியங்கனைப் பக்கம் 40 மூடை சோளம் வாங்கி, பதுளையில் என் கடையின் பின்னறையில் அடுக்கினேன். தோட்டங்களில் கோழி வளர்ப்போருக்குச் சில மாதங்கள் கழித்து நல்ல விலைக்கு விற்கலாம் என்பது என் கணக்கு. மூன்று மாதத்தின் பின் மூடையை அவிழ்த்தால், மணிக்கு மணி ஓட்டை, அடியில் மா. புடைத்து நிறுத்தபோது 50 கிலோ மூடையில் 45 கிலோவே இருந்தது.

இழந்தது பத்து வீதம். ஆனால் போட்ட முதலை எடுப்பதற்கே மிகுதி 45 கிலோவையும் 11 வீதத்துக்கு மேல் விலை கூட்டி விற்க வேண்டும். ஓட்டை விழுந்த சோளத்துக்கு யார் கூடுதல் விலை தருவார்?

நான் கடையைக் குறை சொன்னேன். தவறு என்னிடமே இருந்தது. நீண்ட மூக்குள்ள கபில நிறச் சோள வண்டும் அந்துப்பூச்சியும் பெரும்பாலும் சேனையிலேயே கதிரில் தொற்றிவிடுகின்றன. வண்டு மணியைத் துளைத்து முட்டையிட்டு, துளையை மூடிவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. சூடும் ஈரமும் வாய்த்தால் ஏறக்குறைய ஐந்து வாரத்தில் புதிய வண்டு வெளிவரும். ஆக, நான் சோளத்தோடு வண்டையும் காசு கொடுத்தே வாங்கியிருக்கிறேன்.

சேமிக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்படக் கூடாது. காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு சோளமும் சிறிது காய்ந்த உப்பும் இட்டுக் குலுக்கிக் கால்மணி நேரம் வையுங்கள். உப்பு போத்தலில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் மேலும் ஒரு நாள் வெயிலில் போடுவது நல்லது. ஈரச் சோளத்தில் பூஞ்சண நஞ்சும் உண்டாகும். அது மனிதருக்கும் கோழிக்கும் கேடு.

2. பழைய சோளத்தோடு புதியதைக் கலக்காதீர்கள். பழைய சாக்கை வெந்நீரில் அவித்துக் காயவைத்த பின்பே பாவியுங்கள். மூடைகளைச் சுவரில் முட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

3. காற்றுப் புகாத பையே சிறந்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 1980களில் கமரூனில் பயறு வகையைக் காக்க உருவாக்கிய முறையில், உள்ளே இரண்டு பொலித்தீன் பைகள், வெளியே ஒரு சாக்கு. மூன்றையும் தனித்தனியே இறுக்கிக் கட்டினால் உள்ளிருக்கும் ஒட்சிசன் குறைந்து பூச்சிகள் சாகும். மருந்து தேவையில்லை. அடிக்கடி அவிழ்த்தால் பயனில்லை.

4. புகையூட்டும் மாத்திரையை வீட்டில் பாவிக்கவே வேண்டாம். அது வெளிவிடும் பொஸ்பீன் வாயு உயிரைக் கொல்லும். லயன் அறைகளில் ஒரு வீட்டு வாயு கூரையிடுக்கால் அடுத்த வீட்டுக்கும் போகும். பக்கத்தில் உறங்கும் குழந்தையின் உயிருக்கு எந்த இலாபமும் ஈடாகாது. சந்தேகமிருந்தால் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

இப்போது நான் உப்புப் போத்தல் இல்லாமல் சோளம் வாங்கப் போவதில்லை. ஈரமாக இருந்தால் விலை குறைத்துக் கேட்பதில்லை; காயவைத்துத் தரும்படி கேட்டு, அதற்குரிய விலையைக் கொடுக்கிறேன். விவசாயிக்கும் எனக்கும் அதுவே மலிவு.