அளவுகோல் யார் கையில்?
நிவாரணத்தின் குறைந்தபட்ச நியமங்கள்: ஒரு பாடம்

நெல் விற்கப் போகும் விவசாயிக்கு அளவின் அருமை தெரியும். வாங்குபவர் கையால் அள்ளிப் பார்த்து, "ஈரம் கூட" என்று சொல்லி விலையைக் குறைத்தால் மறுத்துப் பேச வழியில்லை. நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக்கூடாது என்று எழுதி வைத்திருப்பதனால் இருவரும் ஒரே எண்ணை வைத்துப் பேசலாம். பாலுக்குக் கொழுப்பு அளவு பார்ப்பதும் இவ்வாறானதே. அனுபவத்தில் நல்லதென்று கண்டதை எழுதி வைத்து, எல்லோரும் அதையே பின்பற்றும்போது அது நியமம் ஆகிறது. பொதுவான அளவு இல்லாத இடத்தில் நட்டமடைபவர் எப்போதும் பலம் குறைந்தவரே.

நிவாரணப் பணிக்கும் இவ்வாறான உலக நியமம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்பியர். அதிகாரிகளும் நிறுவனங்களும் அதை அறிவார்கள். யாருக்காக அது எழுதப்பட்டதோ அந்த மக்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நியமம் பிறந்த விதம்

1994 யூலை மாதம், ருவாண்டாவிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து, அன்று சயர் என்றும் இன்று கொங்கோ ஜனநாயகக் குடியரசு என்றும் அழைக்கப்படும் நாட்டின் கோமா நகர்ப்புறத்தை அடைந்தனர். அது எரிமலைப் பாறை நிலம். மலசலகூடக் குழி வெட்டுவதே பெரும்பாடு. கொலராவும் வயிற்றுளைவும் பரவின. முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட உதவி நிறுவனங்கள் அங்கு பணியாற்றின. ஆயினும் எது போதும், எது போதாது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவு இருக்கவில்லை. 1996இல் வெளிவந்த கூட்டு மதிப்பீடு இக்குறையைச் சுட்டிக்காட்டியது. 1997இல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் அரச சார்பற்ற நிறுவனங்களும் சேர்ந்து பொது நியமங்களை வகுக்கத் தொடங்கின. முதற் பதிப்பு 2000இலும் நான்காம் பதிப்பு 2018இலும் வெளியாயின.

இந்நியமங்களின் அடிப்படை இதுதான்: அனர்த்தத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாண்புடன் வாழும் உரிமை உண்டு, ஆகவே உதவி பெறும் உரிமையும் உண்டு. நிவாரணம் பிச்சை அல்ல.

அறிய வேண்டிய அளவுகள்

1. தண்ணீர்: ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர். குடித்தல், சமைத்தல், உடற்சுத்தம் ஆகியவற்றுக்கே இது. தண்ணீர் எடுக்கும் இடம் 500 மீற்றருக்குள் இருக்க வேண்டும். வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்க நேரக்கூடாது.

2. மலசலகூடம்: 20 பேருக்கு ஒன்று, இருப்பிடத்திலிருந்து 50 மீற்றருக்குள். பொது இடங்களில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு வேண்டும். குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி, தள்ளியிருக்க வேண்டும்.

3. இருப்பிடம்: ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர், ஏறத்தாழ 38 சதுர அடி. சமைக்கும் இடம் இதில் சேராது. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 190 சதுர அடி தேவை. 10 அடிக்கு 12 அடிக் கொட்டில் 120 சதுர அடி மட்டுமே. அது மூன்று பேருக்கே போதும்.

4. உணவு: ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 2,100 கிலோ கலோரி. இதில் 10 முதல் 12 வீதம் புரதத்திலிருந்தும் 17 வீதம் கொழுப்பிலிருந்தும் கிடைக்க வேண்டும். அரிசி மட்டும் தந்தால் கணக்கு நிறையாது. பருப்பும் எண்ணெயும் வேண்டும்.

5. சவர்க்காரம்: ஒருவருக்கு மாதமொன்றுக்குக் குளிக்க 250 கிராம், உடுப்புத் துவைக்க 200 கிராம்.

அறிக்கையும் வாளியும்

ஒரு குழாய்க்கு 250 பேர் என்று நியமம் சொல்கிறது. 250 பேருள்ள முகாமில் ஒரு குழாய் பூட்டியதும் "நியமம் நிறைவேறியது" என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் அந்த எண் நிமிடத்துக்கு 7.5 லீற்றர் வரும் குழாயைக் கருதிச் சொல்லப்பட்டது. 250 பேருக்கும் 15 லீற்றர் வீதம் 3,750 லீற்றர் வேண்டும். அதற்கு அந்தக் குழாய் நாளொன்றுக்கு 8 மணி 20 நிமிடம் ஓட வேண்டும். இரண்டு மணித்தியாலம் மட்டும் ஓடினால் கிடைப்பது 900 லீற்றர். அது 60 பேருக்கே போதும். மற்ற 190 பேரும் அறிக்கையில் தண்ணீர் பெற்றவர்கள், உண்மையில் பெறாதவர்கள்.

இதைச் சோதிக்க எந்திரம் தேவையில்லை. 15 லீற்றர் வாளியைக் குழாயடியில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் ஓட்டம் சரி. பின்னர் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறதென்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

எண்ணை மட்டும் இரவல் வாங்கி அதன் காரணத்தை விட்டுவிடுவது நியமத்தை ஏற்றதாகாது. இன்னும் இரண்டு தவறுகள் நடக்கக்கூடும். ஒன்று, குறைந்தபட்சத்தையே உச்சமாக்குவது. "15 லீற்றர் தந்தாயிற்று, இனிக் கேட்காதீர்கள்" என்று சொல்ல நியமம் இடம் தரவில்லை. வெயில் காலத்தில், நோயாளர் உள்ள வீட்டில், ஆடுமாடு வைத்திருப்போருக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். மற்றது, அவசர கால அளவை ஆண்டுக்கணக்காக நீடிப்பது. விவசாயிக்குத் தொழிலை மீளத் தொடங்க விதையும் கருவியும் உரிய காலத்தில் கிடைக்க வேண்டும் என்பதும் நியமங்களுக்குள் அடங்கும். பெரும்போக விதைப்பு முடிந்தபின் வரும் விதைநெல் எண்ணிக்கைக்கு உதவும், வயலுக்கு உதவாது.

நாம் செய்யக்கூடியவை

ஸ்பியர் ஒரு சட்டம் அல்ல. நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட வாக்கு. அதை வைத்து வழக்குப் போட முடியாது. ஆனால் வாக்குக் கொடுத்தவரிடம் கணக்குக் கேட்கலாம்.

• மாதர் சங்கத்திலிருந்தும் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்தும் இரண்டிரண்டு பேரைத் தெரிவுசெய்து அளக்கும் பொறுப்பைக் கொடுங்கள். தண்ணீர் எடுப்பவர்களும் இரவில் மலசலகூடத்துக்குப் போக அஞ்சுபவர்களும் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் இல்லாத அளவீடு அரைகுறையாகும்.

• ஆட்களின் தொகை, கிடைக்கும் அளவு, நியம அளவு, குறைவு என நான்கு நிரல்களாகக் கொப்பியில் எழுதுங்கள். திகதி இடத் தவறாதீர்கள்.

• "தண்ணீர் காணாது" என்று முறையிடுவதிலும், "240 பேர் இருக்கிறோம், 3,600 லீற்றர் வேண்டும், பவுசர் 2,000 லீற்றர் தருகிறது, 1,600 லீற்றர் குறைகிறது" என்று எழுதிக் கொடுப்பது வலிமையானது. ஒரு பிரதியைக் கிராம அலுவலருக்கும் மற்றதை உதவும் நிறுவனத்துக்கும் கொடுத்து, ஒன்றை உங்களிடம் வைத்திருங்கள்.

• முறைப்பாடு செய்தால் பங்கீடு நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டாம். 2014இல் வகுக்கப்பட்டு 2024இல் திருத்தப்பட்ட மனிதாபிமான அடிப்படை நியமம், மக்கள் பாதுகாப்பாக முறையிடவும் அதற்குத் தீர்வு பெறவும் வழியிருக்க வேண்டும் என்கிறது.

அரச திணைக்களமானாலும் வெளிநாட்டு நிறுவனமானாலும் திருச்சபையின் நிறுவனமானாலும் அளவுகோல் ஒன்றே. எமது பணியையும் இதே கோலால் அளவுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. நாம் இருக்கும் இடத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் கிடைக்கிறது? எப்படி அறிந்தோம்?
2. மேலே கூறிய ஐந்து அளவுகளில் எது மிகவும் குறைவாக உள்ளது? அதனால் முதலில் பாதிக்கப்படுவது யார்?
3. நாமே சரிசெய்யக்கூடியது எது? யாரிடம் எழுதிக் கேட்க வேண்டியது எது?
4. அடுத்த கூட்டத்துக்கு முன் அளந்து வர இன்று யாரைத் தெரிவுசெய்வோம்?