பொங்கல் விழாவில் பறை

கேள்வி: எங்கள் கல்லூரிப் பொங்கல் விழா வேட்டி, புடவை, செல்ஃபி, சினிமாப் பாட்டோடு முடிந்துவிடுகிறது. உருப்படியாக என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: வேட்டி, புடவை கட்டுவது நல்லதுதான்; அதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வட்டாரத்துப் பறையாட்டக் கலைஞர்களை அழையுங்கள். மேடையில் பத்து நிமிடம் கொடுத்து அனுப்பிவிடாமல், முதல் நாளே பட்டறை நடத்தச் சொல்லுங்கள். நெருப்பு மூட்டிப் பறையின் தோலைக் காய்ச்சும்போது சத்தம் எப்படிக் கணீரென்று ஏறுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி, வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி. இரண்டையும் சேர்த்து ஓர் அடவு பிடிப்பதற்குள் தோள் வலித்துவிடும். சாவு மேளம் என்று சாதியின் பேரால் ஒதுக்கிவைத்த கருவி அது. அதை எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கையில் வாங்கிப் பழகுவதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே தனித் துறை தொடங்கினார்கள். கல்லூரி மனம் வைத்தால் அந்த அளவுக்கும் போகலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வந்த கலைஞர்களுக்குப் பொன்னாடை மட்டும் போதாது. பேசிய தொகையை அன்றைக்கே கையில் கொடுத்து, உங்களோடு பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லி அனுப்புங்கள்.