விளையாட்டும் நம் பிள்ளைகளும்

அஸர் தொழுதுவிட்டுப் பந்தைக் கையில் எடுக்கும் மகனைக் கண்டால், "ஓதுகிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் நம்மில் பலர். விளையாட்டு மார்க்கத்துக்கு ஒவ்வாத வீண் செயல் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்த எண்ணம் சரிதானா?

பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினை விட அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானவர்; ஆயினும் இருவரிடமும் நன்மை உண்டு. இது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து. இங்கே பலம் என்பது மறுமைக் காரியங்களில் உள்ள மன உறுதி என்று இமாம் நவவி (ரஹ்) விளக்கம் தருகிறார்கள். அந்த உறுதிக்குத் துணை நிற்பது உடல். சோம்பிய உடல் ஸுப்ஹு பாங்குக்கு எழுந்திருக்கத் தயங்குவதை நாம் அறிவோம்.

அஸ்லம் குலத்தார் அம்பெய்து விளையாடிக் கொண்டிருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தார்கள். அவர்களை ஊக்கப்படுத்தி, தாம் ஒரு பிரிவாருடன் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறுதரப்பார் கையை நிறுத்திக்கொண்டனர். தாங்கள் அந்தப் பக்கம் இருக்க நாங்கள் எப்படி எய்வது என்றனர். தாம் அனைவருடனும் இருப்பதாக நபியவர்கள் சொன்ன பிறகே ஆட்டம் தொடர்ந்தது. ஒரு பந்தாட்டத்துக்காக இரண்டு தெருப் பிள்ளைகள் பகைத்து நிற்கும்போது, பெரியவர்களும் பக்கம் பிரிந்து பேசும் நம் மஹல்லாக்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

தோல்வியைத் தாங்கவும் பிள்ளைகள் கற்க வேண்டும். நபியவர்களின் 'அள்பா' என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு மனம் வருந்தியது. இவ்வுலகில் உயரும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். புகாரியில் உள்ள இச்செய்தியை, தோற்று முகம் வாடி வரும் மகனுக்குச் சொல்லுங்கள். வென்று துள்ளி வருபவனுக்கும் சொல்லுங்கள்.

பெண்மக்களை மறந்துவிட வேண்டாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடி ஒருமுறை வென்றார்கள். பின்னொரு முறை தோற்றார்கள். நம் பெண் பிள்ளைகளுக்கும் பர்தாவுக்குக் குறைவில்லாத இடத்தில் ஓடியாட வழி செய்து கொடுப்பது நம் பொறுப்பு.

ஆனால், வரம்புகள் உண்டு. பாங்கு கேட்டும் ஆட்டம் நீண்டு தொழுகை களாவாகக் கூடாது. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, வென்றவர் அதை எடுத்துக்கொள்வது சூதாட்டம். கைப்பேசியில் கட்டினாலும் அது ஹராமே. அவ்ரத்தை மறைக்கும் உடை வேண்டும். ஏச்சுப்பேச்சும் கைகலப்பும் கூடவே கூடாது.

பெற்றோர்களே! மாலையில் அரைமணி நேரம் மைதானத்து ஓரம் போய் நில்லுங்கள். வீடு திரும்பும் மகனிடம், "ஜெயித்தாயா?" என்று கேட்கும் முன், "நேர்மையாக ஆடினாயா? மஃரிபு ஜமாஅத் கிடைத்ததா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி அவனைப் பண்படுத்தும்.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு உடல் நலத்தையும் உள்ளத்து உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.