வாக்குமூலத்தைப் படிக்கும் வக்கீல்

சிரஞ்சீவி இளங்கோவனுக்கு, குவைத்தின் ஃபஹாஹீலிலிருந்து உன் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

தஞ்சாவூரில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் சீனியர் ஒருவரிடம் நீ ஜூனியராகச் சேர்ந்த செய்தி கேட்டு மிகுந்த சந்தோஷமடைந்தேன். உனக்குக் கணீரென்ற சாரீரம் உண்டு. ஆயினும், குற்றம் சாட்டப்பட்டவனுக்காக நிற்கும் வக்கீலுக்குப் பேச்சு இரண்டாம்பட்சமே என்பது, கம்பெனியின் அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் மந்தூப்பாக இங்கே போலீஸ் ஸ்டேஷன்களுக்கும் கோர்ட்டுகளுக்கும் அலைந்த என் திடமான அபிப்பிராயம்.

நம் பக்கத்துப் பையன் ஒருவன் இங்கு பிடிபட்டால், அவன் தமிழில் சொல்வதை இன்னொருவர் தமக்குத் தெரிந்த இந்தியில் சொல்ல, அது அரபியில் எழுதப்பட்டு, அந்தத் தாளின் அடியில் அவனுடைய கட்டைவிரல் மையோடு பதியும்வரை, தான் சொன்னது முழுவதும் அதில் ஏறிற்றா என்பதை அவன் அறியமாட்டான். சட்டப்படியான விசாரணையில் குற்றம் ருசுவாகும்வரை எவனும் நிரபராதியே என்று குவைத்தின் 1962-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் 34-ஆவது விதியில் கூறுகிறது. அந்த வாசகம் அவனுக்குப் பயன்படுவதோ, அத்தாளை வரிவரியாகப் படித்து அவனிடமே திரும்பக் கேட்கும் வக்கீல் ஒருவர் வாய்த்தால்தான்.

நம் நாட்டு உதாரணம் ஒன்றைக் கேள். போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் சாட்சியமாகாது என்ற பொது விதியை, பயங்கரவாத வழக்குகளுக்கான தடாச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு தளர்த்தியிருந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அத்தகைய வாக்குமூலங்களே பிரதான ஆதாரமாக, 1998 ஜனவரியில் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்களுக்காக மூத்த வழக்கறிஞர் என். நடராசன் வாதாட, 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மட்டுமே தூக்கை உறுதி செய்தது. 3 பேருக்கு ஆயுள் தண்டனை, 19 பேர் வெளியே வந்தனர். அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளன், தாம் வாங்கித் தந்த பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது எனச் சொன்ன பகுதியை எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிந்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே 2013-இல் வெளிப்படுத்தினார். விட்டுப்போன ஒரே வாக்கியம், அப்பா! அவர் விடுதலையானது 2022-இல்.

ஆகையால் வழக்குக் கட்டு கைக்கு வந்ததும், கைதான நேரத்தையும், நீதிபதி முன் ஆஜர்படுத்திய நேரத்தையும், கையொப்பங்களின் தேதிகளையும் ஒப்பிட்டுப் பார். சிறைக்கே சென்று, கட்சிக்காரனை அவன் போக்கில் பேசவிட்டுக் கேள். விடுதலை நிச்சயம் என்று அவன் தாயாருக்கு ஒருபோதும் வாக்குக் கொடாதே. இவனுக்கா ஆஜராகிறாய் என்று ஊரார் ஏசக்கூடும்; அதற்காகப் பின்வாங்காதே. குற்றம் சாட்டப்பட்ட போலீஸாருக்காக எவரும் வாதாடக் கூடாதென்று கோயம்புத்தூர் வக்கீல் சங்கம் நிறைவேற்றிய தீர்மானத்தை ஒட்டி, இத்தகைய தீர்மானங்கள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

காவலில் இருப்பவர் எவரும் இலவச வக்கீலுக்கு உரியவர் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் உன் பெயரைச் சேர்க்க என்ன வழி என்று சீனியரிடம் கேட்டு, எனக்குப் பதில் எழுது.